கையில் வைத்த குச்சி தட்டுப்படவில்லை: எக்ஸ்ரே போதாதா, ஸ்கேன் எதற்கு?

9 ஜனவரி 2024, வாசகி ஒருவரின் கேள்வி

இடது கையில் மூன்று வருடம் முன்பு கருத்தடை இம்ப்ளான்ட் வைத்தேன். இப்போது எடுக்க வேண்டும். போன வாரம் கிளினிக்கில் நர்ஸ் தடவித் தடவிப் பார்த்துவிட்டு "தட்டுப்படவில்லையே" என்றார். டாக்டர் வந்தார், அவருக்கும் தட்டுப்படவில்லை. அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆறு வாரம் ஆகுமாம். வயிற்றில் குழந்தை பார்க்கிற மெஷினில் கையில் கிடக்கிற பிளாஸ்டிக் குச்சி தெரியுமா? ஒரு எக்ஸ்ரே எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு இந்தச் சுற்று? நான் இருப்பது இங்கிலாந்தில். ஸ்கேன் துறையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜனவரி 2024, இரவு

நான் இருக்கிறேன். இங்கே ஒரு மருத்துவமனையில் பத்து வருடத்துக்கு மேலாக அல்ட்ராசவுண்ட் எடுக்கிறேன். அதற்கு முன் நாகர்கோவில் பக்கம் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஆக இரண்டு வீட்டுக்கும் நான் சொந்தக்காரி.

நீங்கள் சொன்னது பாதி சரி. மூன்று வருடம் முன்பு இங்கிலாந்தில் வைத்தது என்றால் அது நெக்ஸ்பிளனானாகத்தான் இருக்கும். 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனம். உள்ளே 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். அதோடு 15 மில்லிகிராம் பேரியம் சல்பேட்டும் கலந்திருக்கிறார்கள், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகவே. குடல் எக்ஸ்ரேவுக்குக் குடிக்கக் கொடுப்பார்களே, வெள்ளைச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, அதே பேரியம்தான். படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும்.

ஆனால் எக்ஸ்ரே சொல்வது இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும். கிணற்றுக்குள் வாளி கிடக்கிறது என்று தெரிந்தால் போதுமா? எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாமல் பாதாளக்கரண்டியை விட்டால் கலங்குவது தண்ணீர்தான். உங்கள் விஷயத்தில் அது தண்ணீர் இல்லை, கை. அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாயும் விரல்களுக்குப் போகிற நரம்புகளும் ஒன்றாக இறங்குகின்றன. தட்டுப்படாத குச்சியைத் தேடிக் குத்துமதிப்பாக வெட்டக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் கெட்டிக்காரர்.

ஸ்கேனிலும் வெள்ளைக் கோடாகவே தெரியும். கவலைப்படாதீர்கள்.

10 ஜனவரி 2024, காலை

ஒன்று விட்டுப்போனது. குச்சி எங்கே என்று தெரிகிறவரை அது உள்ளே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். கையில் குச்சி வைக்கப்படவே இல்லை என்று பின்னால் தெரியவந்த கதைகள் உண்டு, நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன்.

இன்னொன்று, நீங்களே தினமும் அழுத்தி அழுத்தித் தேட வேண்டாம். கன்றிப்போய் வந்தால் எனக்குத்தான் வேலை கஷ்டம்.

10 ஜனவரி 2024, இரவு

நேற்று அவசரத்தில் எழுதியதைத் திருத்துகிறேன். ஸ்கேனில் கோடாகத் தெரியும் என்றேன். அப்படிச் சொல்லித்தான் பலர் கோட்டைத் தேடி ஏமாறுகிறார்கள்.

குச்சியின் நீளத்துக்கு நேராக புரோப் (தோல் மேல் வைத்து நகர்த்துகிற ஸ்கேன் கைப்பிடி) வைத்தால் கோடு வரும், உண்மை. ஆனால் குச்சி எங்கே, எந்தச் சாய்வில் என்று தெரியாதபோது அந்த நேர்க்கோடு உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? அதனால் குறுக்கே வைத்துத்தான் தேட வேண்டும். குறுக்கே பார்த்தால் குச்சி ஒரு வெள்ளைப் புள்ளி, 2 மில்லிமீட்டர். கொழுப்பும், தசையைப் போர்த்தியிருக்கிற தசையுறையும் நிறைந்த கையில் அந்த மாதிரி வெள்ளைப் புள்ளி நூறு இருக்கும். காட்டிக்கொடுப்பது அதன் நிழல். புள்ளிக்குக் கீழே ஒலி போகாததால் கறுப்பாக, விளிம்பு கூராக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு பட்டை இறங்கும். நான் புள்ளியைத் தேடுவதே இல்லை. நிழலைப் பிடித்து மேலே ஏறினால் புள்ளி தானாக வரும்.

குழந்தை பார்க்கிற புரோப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, அந்தப் புரோப்பில் தெரியாது. அது வளைந்தது, ஆழத்தில் பார்க்கச் செய்தது, 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை. கைக்கு வேண்டியது தட்டையான புரோப், 10 மெகாஹெர்ட்ஸ் குறைந்தபட்சம். நான் எடுப்பது 18. மேலோட்டமாகத்தான் போகும், ஆனால் போகிற வரைக்கும் முடி பிளக்கும்.

இன்னொரு விஷயம், புது மெஷின்களில் இது பெரிய இடைஞ்சல். படம் அழகாக வர வேண்டும் என்று பல கோணத்திலிருந்து ஒலியை அனுப்பிக் கலந்து கொடுப்பார்கள். வேறு எந்த ஸ்கேனுக்கும் அது வரம். இதற்குச் சாபம், ஏனென்றால் பல பக்கமிருந்து விளக்கடித்தால் நிழல் கரைந்துபோகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தேட வேண்டும். ஒரு முறை இருபது நிமிடம் தேடி, "இல்லை" என்று ரிப்போர்ட் எழுதப் போகும் நேரத்தில் ஒரு பொத்தானை அணைத்தேன். தசையுறைக்குக் கீழே கறுப்புப் பட்டை தெளிவாக விழுந்தது. அந்தப் பொத்தான் மேல் அன்றைக்கு ஒட்டிய மஞ்சள் காகிதம் இன்னும் இருக்கிறது.

13 ஜனவரி 2024

எக்ஸ்ரேயில் தெரியாத குச்சியும் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவில்லையா, பேரியம் கலப்பது என்ன பெரிய ராக்கெட் விஞ்ஞானமா" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். இருவருமே சரி.

நெக்ஸ்பிளனானுக்கு முன்னால் இம்ப்ளனான். அதே அளவு, அதே ஹார்மோன், பேரியம் மட்டும் கிடையாது. எக்ஸ்ரேயில் தண்ணீரில் போட்ட கண்ணாடித் துண்டு மாதிரி, இருந்தும் இருக்காது. பிரிட்டனில் 1999 முதல் 2010 வரை அதுதான். அதைத் தேட அல்ட்ராசவுண்ட், அதிலும் கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ.யில் குச்சி கறுப்புப் புள்ளியாக வரும். ஆனால் சின்ன ரத்தக்குழாய்களும் அதே மாதிரி வருவதால், எந்தக் கறுப்பு எது என்று சொல்ல அனுபவப்பட்ட கண் வேண்டும்.

வைக்கிற கருவியிலும் ஒரு கோளாறு இருந்தது. பார்ப்பதற்கு சிரிஞ்ச் மாதிரி. சிரிஞ்சைப் பார்த்தால் கை என்ன செய்யும்? அழுத்தும். அதில் அழுத்தக் கூடாது. உள்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அப்போதுதான் குச்சி சருமத்துக்கடியில் தங்கும். பழக்கதோஷத்தில் அழுத்தியவர்கள் உண்டு. வைப்பதற்கு முன்பே குச்சி ஊசியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, யாரும் கவனிக்காமல் வெறும் ஊசியைக் குத்திக் கட்டுப் போட்டு அனுப்பியதும் உண்டு. குத்திய காயம் இருக்கிறது, வலி இருக்கிறது, வைத்ததற்குக் கொடுத்த அட்டையில் தேதி இருக்கிறது, குச்சி மட்டும் இல்லை. 2011 தொடக்கத்தில் இந்த விஷயம் இங்கே பெரிய செய்தியானது. இம்ப்ளனான் வைத்துக்கொண்டதாக நம்பியும் கர்ப்பமானதாக மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.வுக்கு அதுவரை வந்த புகார்கள் 584. பத்து வருடத்தில் லட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்ட சாதனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த 584 பேருக்கு அந்தக் கணக்கு என்ன ஆறுதல்?

நெக்ஸ்பிளனானில் இரண்டையும் மாற்றினார்கள். குச்சிக்குப் பேரியம். கருவிக்கு ஒற்றைக் கையால் பின்னுக்கு இழுக்கிற பொத்தான், அழுத்துவதற்கு எதுவும் கிடையாது.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய இம்ப்ளனான்கள்தான் வரிசையாக வந்தன. முதல் வாரத்திலேயே ஒரு கை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், அக்குள் வரை, முழங்கை வரை. இல்லை. என் மேலதிகாரியும் வந்து பார்த்தார். இல்லை. ரத்தத்தில் எட்டோனோஜெஸ்ட்ரல் அளவு பார்க்க ஒரு பரிசோதனை உண்டு, வழக்கமான லேபில் செய்ய மாட்டார்கள், குச்சி தயாரிக்கிற நிறுவனத்தின் மூலம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அனுப்பினார்கள். ஹார்மோன் துளியும் இல்லை. அந்தப் பெண் இரண்டரை வருடம் வெறும் கையோடு நடமாடியிருக்கிறார். கர்ப்பம் ஆகாதது அவர் அதிர்ஷ்டம். "அப்போ இவ்வளவு நாள் எனக்கு வந்த தலைவலிக்கெல்லாம் அதைத் திட்டினேனே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14 ஜனவரி 2024

இன்னொரு திருத்தம். "இம்ப்ளனான் என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது" என்று யாரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் புதிய குச்சியையே இம்ப்ளனான் என்.எக்ஸ்.டி. என்ற பெயரில் விற்கிறார்கள். அது நெக்ஸ்பிளனானேதான், பேரியம் உண்டு. வால் எழுத்தைப் பாருங்கள். இல்லையென்றால் வைத்த வருடத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்குத்தான். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் "அது எங்கேயோ இருக்கும்" என்கிறார்கள். குச்சியும் அப்படித்தான் எங்கேயோ இருக்கிறது.

20 ஜனவரி 2024

"ஸ்கேன் எடுத்துப் பேனாவால் குறி போட்டும் டாக்டருக்குக் கிடைக்கவில்லை, இது என்ன ஸ்கேன்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புதிதில்லை. அப்படி ஒரு குறியை நானே போட்டிருக்கிறேன்.

2014 என்று நினைவு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற பெண், நாற்பது வயதிருக்கும். குச்சி சருமத்திலிருந்து 9 மில்லிமீட்டர் கீழே, தசையுறைக்கு மேலே ஒட்டினாற்போல். பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். பெருமையாக இருந்தது. கையை உடம்போடு ஒட்டி நீட்டியபடிதான் படுத்திருந்தார். அப்படியே இரண்டு முனையிலும் பேனாவால் குறி போட்டு, நடுவில் கோடு இழுத்து, ரிப்போர்ட்டும் எழுதி அனுப்பினேன்.

குச்சி எடுக்கும்போது கையை நீட்டிப் படுக்க வைக்க மாட்டார்கள். முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தலைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைத்துப் பாருங்கள், இப்போதே. மேல்கையின் உள்பக்கத் தோலில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு கையை நீட்டுங்கள், மடக்கித் தலைக்கடியில் கொண்டுபோங்கள். தோல் வழுக்கி நகர்வது தெரியும். உள்ளே இருப்பது தன் இடத்திலேயே இருக்க, மேலே இருக்கிற குறி மட்டும் நகர்ந்துவிடுகிறது. என் குறிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம். டாக்டர் நாற்பது நிமிடம் தேடியிருக்கிறார். மரத்துப்போகிற ஊசி இரண்டாம் முறை போட்டிருக்கிறார்கள். கிடைக்காமல் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே பெண் என் அறைக்கே வந்தார். கையில் சிவப்பாகத் தழும்பு. நான் போட்ட குறிதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். "பரவாயில்லை, இந்த முறை சரியாகப் போடு" என்றார். கையை மடக்கித் தலைக்கடியில் வைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். தழும்பின் நிழல் ஒன்று, குச்சியின் நிழல் ஒன்று என்று இப்போது இரண்டு நிழல். முதல் தடவை பத்து நிமிடம் எடுத்தது அன்றைக்கு முக்கால் மணி நேரம்.

அதற்கப்புறம் எந்தக் கையையும் அந்த நிலையில் வைக்காமல் நான் தொடுவதில்லை. முடிந்தால் எடுக்கிற டாக்டரை அறைக்கே வரச் சொல்கிறேன். அவர் வெட்டும்போது நான் புரோப் பிடித்துக்கொண்டிருந்தால் பேனாவே தேவையில்லை. எல்லா இடத்திலும் அப்படி நடக்காது, இரண்டு துறையின் நேர அட்டவணையைச் சேர்ப்பது குச்சியைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

ரிப்போர்ட்டில் நான் இப்போது எழுதுவது: எந்தக் கை, கை எந்த நிலையில், இரண்டு முனையும் சருமத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர், தசையுறைக்கு மேலா கீழா, பக்கத்தில் எந்த ரத்தக்குழாய், எந்த நரம்பு, எவ்வளவு தூரம். இரண்டு முனையின் ஆழமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு முனை 3, மறு முனை 11 என்று சாய்ந்து கிடந்த குச்சியைப் பார்த்திருக்கிறேன். மேல் முனையில் வெட்டினால் இரண்டு நிமிட வேலை. கீழ் முனையில் வெட்டினால் கஷ்டம்தான்.

21 ஜனவரி 2024

"அப்போ குறிக்குப் பதில் பச்சை குத்திவிடலாமே" என்று கேட்ட புண்ணியவானே, தோல் நகர்ந்தால் பச்சையும் நகரும்.

27 ஜனவரி 2024

ஒற்றைக் குச்சிக்கே இவ்வளவா என்கிறீர்கள். ஆறு குச்சிக் காலம் ஒன்று இருந்தது. நார்பிளான்ட். நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, 1983-ல் பின்லாந்தில் முதலில் அனுமதி கிடைத்தது. சிலிகோன் ரப்பர் குழாய்கள் ஆறு, ஒவ்வொன்றும் 34 மில்லிமீட்டர், ஒவ்வொன்றிலும் 36 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். தோலுக்கடியில் விசிறி மாதிரி விரித்து வைப்பார்கள். இலங்கையில் அதை வைத்துக்கொண்டவர்கள் நிறைய.

2019-ல் யாழ்ப்பாணத்துக்காரம்மா ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. வேறு ஏதோ தோள் வலிக்கு ஸ்கேன். பெயரைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்ததும் தோள்வலியை விட்டுவிட்டார்.

"பிள்ளை, இந்தக் கையையும் ஒருக்கா பார்ப்பீங்களோ? ஆறு குச்சி வச்சவை. எடுக்கேக்க அஞ்சுதான் எடுத்தவை. மற்றது கரைஞ்சு போயிருக்கும் எண்டு சொன்னவை."

"எப்ப அம்மா வச்சது?"

"சின்ன மகன் பிறந்த பிறகு. தொண்ணூற்றொண்டு, தொண்ணூற்றிரண்டு இருக்கும். மகனுக்கே இப்ப பிள்ளை."

எழுதிக் கொடுக்காத உறுப்பை ஸ்கேன் எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. அவருடைய டாக்டருக்குச் சொல்லி, முறையாகக் கடிதம் வாங்கி, மூன்று வாரம் கழித்து வந்தார். சிலிகோன் கரையாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் நிழல் இருந்தது, பக்கத்தில் ஐந்து பழைய தழும்புக் கோடுகள். விரல் வைத்துப் பார்த்தால் தட்டுப்படவில்லை, கொஞ்சம் ஆழத்தில் தசையுறை மேல் கிடந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே" என்றார். வீட்டில் யாரோ பல வருடமாக நம்பாமல் இருந்திருக்கிறார்கள் போல.

எடுத்தார்களா என்றால், இல்லை. வலியில்லை, ஹார்மோன் எப்போதோ தீர்ந்திருக்கும், விட்டுவிடலாம் என்று அவரும் டாக்டரும் முடிவு செய்தார்கள். அவருக்கு வேண்டியது அந்தப் படம்தான்.

அந்த ஆறு குச்சிகளை எடுப்பதற்கே தனி வித்தைகள் வந்தன. எக்ஸ்ரேயில் சிலிகோன் மங்கலாகத் தெரியும் என்பதால், மார்பகம் எடுக்கிற மேமோகிராம் மெஷினில் கையை வைத்து எடுத்தவர்களும் உண்டு. அது மென்மையான சதைக்கென்றே குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுகிற எக்ஸ்ரே. எடுக்கிற முறையில் இன்றைக்கும் பேர்போனது 'யூ' முறை. கீறல் யூ வடிவத்தில் இருக்கும் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வடிவம் இல்லை, ஆள். உன்டுங் என்ற இந்தோனேசிய மருத்துவரின் பெயரின் முதல் எழுத்து. குச்சிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கீறல், கவ்வுகிற முனையில் வளையமுள்ள இடுக்கி, குச்சியை நடுவில் பிடித்து வெளியே திருப்புவது. ஆழமாகக் கிடக்கிற ஒற்றைக் குச்சிக்கும் அதையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

28 ஜனவரி 2024

இந்தோனேசியா என்றதும் நினைவு வந்தது. என்னோடு வேலை செய்கிற மலேசியத் தமிழர் ஒருவர் சொன்னது. அந்தப் பக்கத்தில் 'சூசுக்' என்று ஒரு வழக்கம், மந்திரித்த சின்னத் தங்க ஊசியை முகத்தில் தோலுக்கடியில் செருகிக்கொள்வது. அழகுக்கு, வசியத்துக்கு, சிலர் நோய் தீர. வெளியே தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கும்போது தாடையில் நான்கைந்து ஊசி பளபளவென்று தெரியும். அவர் ஊரில் படிக்கும்போது அதைப் பார்த்தால் ஒன்றும் கேட்காமல் படத்தை மடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

இந்தோனேசியாவில் இந்தக் கருத்தடைக் குச்சிக்கு மக்கள் வைத்த பெயரும் 'சூசுக்'தான், குடும்பக் கட்டுப்பாட்டு சூசுக். தோலுக்கடியில் போகிறது, வெளியே தெரியாது, காரியம் நடக்கிறது. வேறென்ன பெயர் வைப்பார்கள்?

3 பிப்ரவரி 2024

ஊரில் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் 2023-ல் அரசுத் திட்டத்திலும் சில மாநிலங்களில், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தொடங்கினார்கள். வைத்துக்கொள்ளலாமா என்பது நீங்களும் உங்கள் டாக்டரும் பேச வேண்டியது. வைப்பது சுலபம். வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் எடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, தட்டுப்படாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பதை வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊரில் இன்னொரு சிக்கல் எனக்குத் தெரியும். பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, எடுப்பவரும் தகுதியுள்ள மருத்துவராக இருக்க வேண்டும். இங்கே நான் செய்கிற வேலையை அங்கே டெக்னீஷியனாக நான் செய்திருந்தால் உள்ளே போயிருப்பேன். சட்டம் வந்த காரணம் நூற்றுக்கு நூறு நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சின்ன ஊர்க் கிளினிக்கில் ஒரு மெஷினை எடுத்து 'கையைக் காட்டு' என்று பார்க்கிற வசதி அதனால் கிடையாது. கைக்கும் ஸ்கேன் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே எக்ஸ்ரே எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்த இழையை ஆரம்பித்தவரின் வாதம் இங்கிலாந்தைவிட ஊருக்குத்தான் அதிகம் பொருந்தும். முதலில் எக்ஸ்ரே, உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் அப்புறம் ஸ்கேன். முதல் நாள் நான் அதை இவ்வளவு பெருந்தன்மையாக ஒப்புக்கொள்ளவில்லை.

4 பிப்ரவரி 2024

நுரையீரலுக்குப் போகுமாமே என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். போகும், மிக மிக அரிதாக. குச்சி தானாகக் கையிலிருந்து நடந்து போவதில்லை. வைக்கும்போதே ஊசி நரம்பு தாண்டி ரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிட்டால், ரத்தத்தோடு அக்குள் வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் கையில் எங்கேயும் இல்லை என்றால் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். பேரியம் அங்கேயும் தெரியும். பழைய இம்ப்ளனான் என்றால் அந்த வழியும் அடைப்பு.

வைக்கிற இடத்தை மாற்றியதற்கும் இதுதான் காரணம். முன்பு மேல்கையின் இரண்டு தசைக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை ஒட்டி வைத்தார்கள். அந்தப் பள்ளத்துக்குக் கீழேதான் ரத்தக்குழாய்களும் நரம்புகளும். இப்போது முழங்கையின் உள்பக்க எலும்பு முனையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, பள்ளத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னே தள்ளி, பின்கைத் தசை மேல். 2020 பிப்ரவரியில் எம்.எச்.ஆர்.ஏ. இந்தப் புது இடத்தை எல்லோருக்கும் அறிவித்தது. முழங்கையை இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பிலிருந்து தள்ளி நிற்கவும் அது உதவும்.

மேலே 'நரம்பு தாண்டி' என்று எழுதியது பேச்சு வழக்கு, ரத்தம் எடுக்கிற 'நரம்பை'ச் சொல்வது போல. ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி என்று படியுங்கள். நானே ரத்தக்குழாயையும் நரம்பையும் குழப்பினால் யார் என்னிடம் கையைக் கொடுப்பார்கள்?

19 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அனுமதியோடு எழுதுகிறேன். கிளினிக்கில் போய்ச் சண்டை போட்டு எக்ஸ்ரேயும் வாங்கிவிட்டார். வெள்ளைக் கோடு உள்ளே. இன்று ஸ்கேன். 6 மில்லிமீட்டர் ஆழம், தசையுறைக்கு மேலே, ரத்தக்குழாயிலிருந்து நல்ல தூரம். மூன்று வருடத்தில் கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறார், அதுதான் விரலுக்கு மறைத்திருக்கிறது. "எடுத்தவங்க கையை மடக்கித் தலைக்கடியில் வைக்கச் சொல்லல, நானே வச்சுக்கிட்டேன். ஆச்சரியமா பார்த்தாங்க" என்கிறார்.

2 மார்ச் 2024

எடுத்தாயிற்று. ஆழமான குச்சி எடுக்கிற தனிக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடம், ஒரு தையல்.

குச்சியைக் காட்டச் சொல்லிக் கேட்டாராம். கேட்டது நல்லது. எடுத்ததை அளந்து பார்க்க வேண்டும். 4 சென்டிமீட்டர் முழுசாக இருந்தால்தான் வேலை முடிந்தது, குறைந்தால் உடைந்த துண்டு உள்ளே. அங்கேயே அளந்திருக்கிறார்கள். அது போதாதென்று டப்பாவில் வாங்கிக்கொண்டு வந்து, மகளின் பென்சில் பெட்டியிலிருந்த ஸ்கேலை வைத்து மறுபடி அளந்திருக்கிறார். 3.9 என்று வந்ததும் எனக்குப் பதற்றமாகச் செய்தி, படத்தோடு.

அம்மா, ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறது. பூஜ்யத்திலிருந்து வையுங்கள்.

2 மார்ச் 2024, பத்து நிமிடம் கழித்து

4.0.